டாங்கிக்கு அடியில் வைத்த பொட்டு

சுகுமாறனின் மோட்டார் சைக்கிள் வீட்டில் ஒருநாளும் மக்கர் செய்ததில்லை. தொல்லையே அதுதான். காலையில் மாசாய் அடுக்குமாடியின் கீழ்த்தளக் கொட்டகையில் ஒரே உதையில் கிளம்பிவிடும். பாசிர் கூடாங் நெடுஞ்சாலையில் ஏறி, கொள்கலன் லாரிகளுக்கு நடுவே மேம்பாலத்தை நெருங்கும்போது இரண்டு இருமல் இருமும். அப்புறம் அணைந்துவிடும். பாலத்துக்குக் கீழே நிழலில் ஒதுக்கி, கொஞ்ச நேரம் ஆறவிட்டால், ஒன்றுமே நடக்காதது போல மறுபடி கிளம்பும்.

"பஸ்சுக்கு இருக்குற மாதிரி ஒங்க மோட்டாருக்கும் ஒரு ஸ்டாப் இருக்குங்க," என்றாள் அவன் மனைவி சந்திரமதி. "அந்தப் பாலத்துல ஆள் ஏத்திக்கிட்டுத்தான் போகும் போல."

வேறு நாளாக இருந்தால் சுகுமாறன் சிரித்திருப்பான். அன்று சிரிப்பு வரவில்லை.

அவன் பட்டறைக்காரன் அல்லன். சமையலெண்ணெய்ப் போத்தல் ஊதும் தொழிற்சாலையில் இயந்திரம் ஓட்டுகிறவன். பெக்கான் நானாஸில் அன்னாசிக் காடுகளுக்கு நடுவே பிறந்து, மூன்றாம் படிவத்தோடு படிப்பை விட்டுவிட்டு, ஒரு துணிப்பையோடு மாசாய்க்கு வந்தவன். வந்த நாளிலிருந்து அதே தொழிற்சாலை, அதே உருகிய பிளாஸ்டிக் வாடை. இடதுகைக்காரன், கோபம் வந்தால் பேச மாட்டான், எதையாவது கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவான். வீட்டில் மின்விசிறி பளபளவென்று இருந்தால் அந்த வாரம் புருஷன் பெண்சாதிக்குள் ஏதோ சண்டை என்று பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத் தெரியும்.

தொழிற்சாலையில் எல்லாருக்கும் சாம்பல் நிறச் சட்டை. நெஞ்சில் ஒரு எண். லைன் லீடருக்கு மட்டும் நீலச் சட்டை. அதில் எண் கிடையாது. ஆளின் பெயரை வெள்ளை நூலில் தைத்திருப்பார்கள். சுகுமாறனுக்கு அந்தச் சட்டைமேல் வெகுநாளாக ஒரு கண். சம்பளம் கூடும்தான். சூடு கக்கும் இயந்திரத்துக்கு முன்னால் நாள் முழுக்க நிற்க வேண்டியதில்லைதான். ஆனாலும் ஆசை அந்தப் பெயர்மேல். நேற்று வேலைக்குச் சேர்ந்த பையன்கூட நெஞ்சைப் பார்த்து எண்ணைச் சொல்லிக் கூப்பிடும்போது, இத்தனை வருஷம் நின்ற காலுக்கு இதுதானா மரியாதை என்று அவனுக்குச் சுருக்கென்று தைக்கும்.

பழைய லீடர் ஓய்வு பெறப் போகிறார் என்றதும் மேற்பார்வையாளர் என்சிக் ரஸ்லான் இரண்டு பெயர்களை மேலே அனுப்பினார். ஒன்று சுகுமாறன். இன்னொன்று கமலநாதன். வேலையில் இரண்டு பேரையும் குறை சொல்ல முடியாது. ஆகவே நேரத்துக்கு வருகிறவனைப் பார்த்து எடுப்போம் என்று மேலே சொல்லிவிட்டார்கள். மூன்று முறை தாமதமானால் பெயரை அடித்துவிடுவார்கள். பாலத்துக்குக் கீழே நின்றதில் சுகுமாறனுக்கு இரண்டு ஆகிவிட்டது.

"செகாலி லாகி, சுகு," என்று என்சிக் ரஸ்லான் ஒற்றை விரலைக் காட்டினார். இன்னும் ஒரே தடவைதான். அவருக்கும் மனமில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

கமலநாதனோ போட்டிக்காரன் மாதிரியே நடந்துகொள்ளவில்லை. "மச்சான், அந்தச் சட்டை ஒனக்குத்தான் லா. நான் சும்மா பேருக்கு நிக்கிறேன். எலெக்‌ஷன்ல டெபாசிட் போறதுக்குன்னே ஒருத்தன் நிப்பானே, அந்த மாதிரி," என்று கேண்டீனில் எல்லார் முன்னாலும் சொன்னான்.

அவன் அப்படிச் சொல்லாவிட்டால்தான் ஆச்சரியம். இரண்டு பேரும் கல்யாணத்துக்கு முன்னால் ஒரே அறையில் பாய் விரித்தவர்கள். மூடப்போகிற ஒரு கடையில் ஒரே நாளில், ஒரே மாடலில், ஒரே பச்சை நிறத்தில் இரண்டு பழைய மோட்டார்களை வாங்கியவர்கள். இப்போது அந்த மாடலுக்கு உதிரிப் பாகம் கிடைப்பதே பெரும்பாடு. அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். ஒருவன் வண்டியில் எது கெட்டதென்று சந்தேகம் வந்தால், மற்றவன் வண்டியிலிருந்து அதே பாகத்தைக் கழற்றிப் போட்டுப் பார்ப்பது. பார்த்துவிட்டுத் திருப்பிப் போட்டுவிடுவது. ஒருமுறை கமலநாதன் வண்டியில் பொறியைத் தரும் ‘காயில்’ என்ற கம்பிச்சுருள் விண்டு போனபோது, சுகுமாறன்தான் பசை பூசி, நீல டேப்பைச் சுற்றி, அதை மறுபடி உயிர்ப்பித்துக் கொடுத்தான்.

இந்த முறையும் கமலநாதன் கூப்பிடாமலே வந்தான். மாலையில் கொட்டகையில் கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்துகொண்டான். சந்திரமதி மேலேயிருந்து தேநீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

சுகுமாறன் பிளக்கைக் கழற்றினான். அதை மூடியில் செருகி, இரும்பு உடம்பு எஞ்சினில் படும்படி பிடித்துக்கொண்டு உதைத்தான். பிளக்கின் நுனியில் கொழுத்த நீலப் பொறி டப்பென்று பாய்ந்தது.

"பாத்தியா? நல்லாத்தான இருக்கு," என்றான் கமலநாதன். "பெட்ரோல்தான் மச்சான். கார்பரேட்டரக் கழட்டி ஊது."

"இல்லடா. இங்க நீலம். பாலத்துக் கீழ கழட்டிப் பாத்தேன், நூல் மாதிரி மஞ்சளா விழுது. சூடானா பொறி செத்துப் போவுது."

கமலநாதன் தேநீரை ஒரு மிடறு குடித்தான்.

சுகுமாறன் ஒவ்வொன்றாக ஒதுக்கிக்கொண்டே வந்தான். பிளக் புதுசு. பிளக்குக்குப் போகும் வயரின் நுனியை நகக்கண் அளவு நறுக்கி, மூடியைப் புதிதாகத் திருகினான். எர்த் பிடிக்கும் இடத்தில் துருவைச் சுரண்டி இரும்பு மின்னும்படி தேய்த்தான். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மீதி இரண்டே சந்தேகங்கள். கீழே எஞ்சினுக்குள் மின்சாரத்தை உண்டாக்கும் காயில் ஒன்று; மேலே, பெட்ரோல் டாங்கிக்கு அடியில், அதைப் பெருக்கிப் பொறியாக்கும் காயில் இன்னொன்று. சூடானதும் படுத்துக்கொள்வது இந்த இரண்டில் ஒன்றின் குணம்.

"கீழதான்," என்றான் கமலநாதன் உடனே. "மேல இருக்குறது ஜப்பான் ஒரிஜினல் மச்சான், அது போவாது. அதோட நீ டாங்கியத் தூக்கவும் முடியாதே. அக்கா பொட்டு வச்சிருக்கில்ல?"

அது உண்மைதான். ஆயுத பூசையன்று இரண்டு மோட்டார்களையும் கமலநாதன் வீட்டு முற்றத்தில்தான் கழுவுவார்கள். அடுக்குமாடியில் குழாய் வசதி கிடையாது. கமலநாதன் வீடு வரிசை வீடு, நீளமான ரப்பர் குழாய் உண்டு. போன வருஷம் கழுவித் துடைத்துப் பிரித்துப் போட்டிருந்தபோது, சந்திரமதி சந்தனக் கிண்ணத்தோடு வந்து கேட்டாள்: "இதுல உயிர் எங்க இருக்குங்க?" சுகுமாறன் காயிலைக் காட்டினான். "இங்கதான் பொறி பொறக்குது." அவள் குனிந்து அந்தக் காயில்மேலேயே சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் வைத்தாள். கமலநாதன் மனைவி லோஷினிதான் தட்டைப் பிடித்திருந்தாள். "விளக்குல வச்சா மழையில போயிடும், இது உள்ளுக்குள்ள இருக்கும். அடுத்த பூசை வரைக்கும் இதத் திறக்கக் கூடாது, ஆமா," என்று சந்திரமதி சொல்லிவிட்டாள். அவள் சொல்லிவிட்டால் அந்த வீட்டில் அதுதான் சட்டம்.

ஆகவே சுகுமாறன் கீழே உள்ளதைப் பிரித்தான். லிமா கெடாய் பக்கம் ஒரு பட்டறையில் அதே மாடலின் செத்த எஞ்சினிலிருந்து ஒன்றை எடுத்துவந்து மாற்றினான். முழு ஞாயிறும் அதற்கே போயிற்று. கமலநாதன் கூடவே இருந்தான். திருகாணி உருண்டால் எடுத்துக் கொடுத்தான்.

வெள்ளிக்கிழமை மூன்றாம் முறை நின்றது.

அன்று சீக்கிரமே கிளம்பியிருந்தான். வானம் மூட்டம் போட்டிருந்ததால் வண்டி சூடாகாது என்றும் மனசுக்குள் ஒரு சமாதானம். பாலம் கண்ணுக்குத் தெரிந்தது. இருமல். இன்னொரு இருமல். அப்புறம் காற்றின் சத்தம் மட்டும். தள்ளிக்கொண்டே ஓரத்துக்கு வந்தபோது பின்னால் பழகிய சத்தம் கேட்டது. அதே மாடல், அதே பச்சை. கமலநாதன் நிறுத்தினான். பின்னால் லோஷினி, அவளைக் கிளினிக்கில் இறக்கிவிட்டுத்தான் அவன் தினமும் வேலைக்குப் போவான்.

"அலமாக், மறுபடியுமா அண்ணே?" என்றாள் லோஷினி.

"நான் முன்னால போயி என்சிக்கிட்ட சொல்லிடுறேன் மச்சான். நீ பதறாத," என்றான் கமலநாதன்.

அவன் வண்டி பாலத்தின் ஏற்றத்தில் இரண்டு பேரைச் சுமந்துகொண்டு ஒரு இருமலும் இல்லாமல் ஏறியது. போன வருஷம் இதே ஏற்றத்தில் அந்த வண்டியும் அடிக்கடி திணறியது சுகுமாறனுக்கு நினைவு வந்தது. அவனுக்காவது சரியாகிவிட்டதே, நல்லவேளை என்று நினைத்துக்கொண்டான்.

தொழிற்சாலையில் என்சிக் ரஸ்லான் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. சுகுமாறனின் முகத்தைப் பார்த்தார். "ஏன் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை?" என்று மலாயில் கேட்டார். கமலநாதன் அவரிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"மறந்தே போச்சு மச்சான். உள்ள வந்ததும் மூணாம் நம்பர் மெஷின் அடைச்சிக்கிச்சு," என்றான் இடைவேளையில்.

சந்திரமதி மாசாயில் ஒரு தையல் கடையில் வேலை பார்த்தாள். பல தொழிற்சாலைகளின் சீருடைகளுக்கு அங்குதான் பெயர் தைப்பார்கள். அடுத்த வாரம் ஒரு மாலை அவள் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு நீலச் சட்டை வந்துச்சுங்க."

சுகுமாறன் கேட்கத் தேவையில்லை. ஆனாலும் கேட்டான். "பேரு?"

"ஒங்க பேர விட நீளமான பேரு."

"நீயா தச்ச?"

"வேற யாரு? நல்லாத்தான் தச்சிருக்கேன்," என்றாள். அப்புறம் முகத்தைக் கழுவப் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

மறுநாள் சுகுமாறன் கமலநாதனின் தோளைத் தட்டி, "எனக்கில்லன்னா ஒனக்குத்தான் வரணும். வெளியாளுக்குப் போவலல்ல," என்று சொன்னான். மனசாரச் சொன்னான். கமலநாதன் குனிந்து காலணி நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தான். கட்டியதையே அவிழ்த்து மறுபடி கட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை சுகுமாறன் கூடத்து மின்விசிறியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தான். சந்திரமதி கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"விசிறி என்ன பாவம் செஞ்சுச்சு? கீழ போயி அந்தச் சனியனோட டாங்கியத் தூக்குங்க."

"பொட்டு வச்சிருக்கியே."

"வச்சவ நான்தான சொல்றேன்? சாமி என்னக் கேக்கட்டும், நான் பதில் சொல்லிக்கிறேன். கழட்டுங்க."

அவன் கீழே போனான். முதலில் அடுக்குமாடியைச் சுற்றிச் சுற்றி ஓட்டினான், அது இருமி நிற்கும்வரை. நின்றதும் சுடச்சுடப் பிளக்கைப் பிடுங்கி உதைத்தான். மெலிந்த மஞ்சள் நூல். அதுவும் ஒரு உதைக்கு வந்தது, ஒரு உதைக்கு வரவில்லை. இனிச் சந்தேகப்பட ஒன்றுதான் பாக்கி. இருக்கையைக் கழற்றி, டாங்கியின் ஆணியை உருவி, இரண்டு கையாலும் தூக்கித் தரையில் வைத்தான்.

பொட்டு இல்லை.

உதிர்ந்திருக்கும் என்றுதான் முதலில் நினைத்தான். விரலால் தடவினான். சந்தனத் துகள்கூட ஒட்டவில்லை. எண்ணெய்ப் பிசுக்குதான் வந்தது. பிசுக்குக்குக் கீழே சாம்பல் நிறப் பசை. அதன்மேல் நீல டேப். டேப்பின் நுனி இடதுகைக்காரன் சுற்றிய திசையில் முடிந்திருந்தது. அவன் சுற்றியதுதான். அவனே பசை பூசி, காயும்வரை கையில் வைத்துக்கொண்டிருந்து, கமலநாதனிடம் கொடுத்த காயில்.

வண்டியை இன்னொருவனிடம் விட்டது எப்போது என்று யோசித்தான். அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. போன தீபாவளிக்கு முன்னால் தங்காக் நகருக்குத் துணி எடுக்கப் போனபோது, மச்சினி காரில் இடம் இருந்ததால், மோட்டாரைக் கமலநாதன் வீட்டில் நிறுத்திவிட்டுப் போயிருந்தான். அடுக்குமாடியில் விட்டால் யாராவது எதையாவது கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயம்.

டாங்கியை மறுபடி மாட்டி, வண்டி ஆறும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். பிறகு கருவிப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

கமலநாதன் வீட்டு முற்றத்துக் கொடியில் நீலச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. சந்திரமதி தைத்த எழுத்துகள் கோணல் இல்லாமல், ஒரே சீராக இருந்தன. கமலநாதன் கைலியோடு வெளியே வந்தான்.

"வா மச்சான். சாப்டியா?"

"ஒன் மோட்டார் டாங்கியத் தூக்கு."

"எதுக்கு?"

"தூக்குடா."

சத்தம் கேட்டு லோஷினி வாசலுக்கு வந்தாள். "என்னாங்க? அண்ணன் கேக்குறாரு, தூக்கிக் காட்டுங்களேன். உள்ள என்ன புதையலா இருக்கு?"

கமலநாதன் அசையவில்லை. சுகுமாறனே குந்தி, இருக்கையைக் கழற்றினான். அவன் கைக்கு அந்த வண்டியும் தன் வண்டி மாதிரிதான். எந்த ஆணி எங்கே முரண்டு பிடிக்கும் என்று தெரியும். டாங்கியைத் தூக்கினான். உள்ளே காயில்மேல் சந்தனம் வெடித்துக் காய்ந்திருந்தது. நடுவில் குங்குமம் கறுத்துப்போய், ஆனாலும் வட்டம் கலையாமல் இருந்தது.

லோஷினி குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள்.

"இது அக்கா வச்சதுல்ல? நான்தானே தட்டு புடிச்சேன்."

பக்கத்து வீட்டில் யாரோ குளிர்சாதனப் பெட்டியைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நம்ம வழக்கந்தான மச்சான்," என்று கமலநாதன் ஆரம்பித்தான். "போட்டுப் பாக்கத்தான் மாத்துனேன். என் காயிலு மறுபடி விண்டு போச்சு. இவள பின்னால வச்சிக்கிட்டு ஹைவேல நின்னா லாரி அடிச்சிட்டுப் போயிடுவான். ஒரு வாரத்துல நல்லது ஒண்ணு தேடி ஒன்னுதுல போட்டுடலாம்னுதான்..."

"அப்புறம்?"

"கெடைக்கல."

"என்கிட்ட சொல்லியிருந்தா நானே கழட்டிக் குடுத்திருப்பேன்டா. லோஷினி போற வண்டின்னா நான் யோசிப்பனா?"

"தெரியும்."

"தெரிஞ்சும்? பாலத்துக் கீழ நான் நிக்கிறேன். நீ பாக்குற. கொட்டாயில ஒக்காந்து என் பெண்டாட்டி போட்ட டீயக் குடிக்கிற. கீழதான் கெட்டிருக்கு, கீழ கழட்டுன்னு சொல்ற. பொட்டு வச்சிருக்கு, தூக்காதன்னு சொல்ற."

கமலநாதன் கொடியில் தொங்கிய சட்டையைப் பார்த்தான். உடனே பார்வையை எடுத்துக்கொண்டான்.

"மொதல்ல அப்படி நெனைக்கல மச்சான். சத்தியமா. அப்புறம்... பேரு ரெண்டுதான இருந்துச்சு."

சுகுமாறனுக்குக் கை ஓங்கத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் ஸ்பேனரை எடுத்தான். தன் காயிலைக் கமலநாதன் வண்டியிலிருந்து கழற்றித் தன் வண்டியில் பூட்டினான். பொட்டின்மேல் விரல் படாமல் ஓரமாகப் பிடித்துப் பூட்டினான். அத்தோடு எழுந்து போயிருக்கலாம். பிரித்த வண்டியை அப்படியே போட்டுவிட்டுப் போக அவன் கை ஒப்பவில்லை. கமலநாதனின் காயிலை அவன் வண்டியில் வைத்து, எர்த்தைத் துடைத்து, தளர்ந்திருந்த நீல டேப்பை இழுத்துச் சுற்றி, ஆணிகளை ஒவ்வொன்றாக முறுக்கினான். உட்கார வாளியைக் கொண்டுவந்து போட்ட லோஷினியிடம் வேண்டாம் என்று தலையாட்டினான்.

டாங்கியை மாட்டி முடித்ததும் கமலநாதன் மெல்லக் கேட்டான்.

"நாளைக்கு... ஓடுமா மச்சான்?"

சுகுமாறன் கையைத் துணியில் துடைத்தான். "பாலம் வரைக்கும் ஓடும்."

"சுகு அண்ணே," என்றாள் லோஷினி. கொடியிலிருந்து அந்தச் சட்டையை உருவிச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சுகுமாறன் வண்டியை உதைத்தான். ஒரே உதை. ஆனால் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. நேராக நெடுஞ்சாலைக்குப் போனான். பிற்பகல் வெயிலில் தார் மின்னியது. எஞ்சினின் சூடு முழங்காலில் ஏற ஏற, அவன் காது இருமலுக்காகக் காத்திருந்தது. நின்றுவிட்டால் நன்றாக இருக்கும் என்று அப்போது அவனுக்குத் தோன்றியது. நின்றுவிட்டால் கோளாறு வேறெங்கோ என்று ஆகும். காயிலைத் திருடினான், அவ்வளவுதான். சட்டை போனது வண்டியின் கிழட்டுத்தனத்தால் என்று சொல்லிக்கொள்ளலாம். ஒரு திருட்டை மன்னித்துவிடலாம். இளமையை ஒரே அறையில் கழித்தவனிடம் அந்த அளவுக்குக் கணக்குப் பார்க்க அவன் தயாராக இல்லை.

பாலம் வந்தது. கீழே தூணோரத்தில் அவன் வண்டி சொட்டிய எண்ணெய்க் கறை தெரிந்தது. வேகத்தைக் குறைத்தான்.

"நில்லேன்," என்று வண்டியிடம் சொன்னான்.

அது ஒரு இருமல்கூட இருமாமல் ஏற்றத்தில் ஏறியது.